பிளக்-இன் போச்சு, பூட்டு எங்கே போச்சு?

2010 ஏப்ரல் 25, ஞாயிறு இரவு. நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் மும்பை இந்தியன்ஸை 22 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி, சென்னை சூப்பர் கிங்ஸ் தன் முதல் ஐபிஎல் கோப்பையைத் தூக்கியது. அந்த சீசனில் இன்னொரு புதுமையும் நடந்தது. ஐபிஎல் ஆட்டங்களை யூடியூப் நேரலையில் காட்டியது. டிவி முன்னால் உட்கார வழியில்லாதவர்கள், அதாவது நைட் ஷிஃப்ட்காரர்கள், ஹாஸ்டல் பையன்கள், சீரியலுக்கு ரிமோட்டைப் பறிகொடுத்தவர்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் மேட்ச் பார்க்கப் பழகியது அப்போதுதான். படம் ஓடியது அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் பிளேயரில்.

நான்கே நாளில், ஏப்ரல் 29 அன்று, ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். ஐபோனிலும் ஐபேடிலும் ஃபிளாஷுக்கு ஏன் இடமில்லை என்பதுதான் விஷயம். பேட்டரியைத் தின்கிறது, அடிக்கடி நின்றுபோகிறது, பாதுகாப்பு ஓட்டைகள் ஏராளம், விரலால் தொடும் திரைக்கு லாயக்கில்லை, கூடவே அது ஒரு கம்பெனியின் சொந்தச் சரக்கு என்று அடுக்கினார். கடைசிக் காரணத்தைச் சொல்ல ஆப்பிளுக்கு என்ன அருகதை என்று பலர் சிரித்தார்கள். சிரித்ததில் நியாயமும் இருந்தது. ஆனாலும் பதினோரு வருடத்தில் ஃபிளாஷ் உலகத்தில் ஏறக்குறைய எங்கேயும் இல்லாமல் போனது.

ஃபிளாஷும், அதனுடன் போட்டி போட்ட மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட்டும் எப்படி வந்தன, விளையாட்டை ஒளிபரப்பும் நிறுவனங்கள் அவற்றை ஏன் கைகழுவின, அதில் நமக்கு லாபமா நஷ்டமா? சென்னையிலிருந்து பார்த்தால் இந்தக் கதை வேறு மாதிரி தெரிகிறது.

சாம்பல் நிறச் சதுரம்

அந்தக் காலத்து பிரவுசருக்கு வீடியோ காட்டத் தெரியாது. எழுத்தும் படமும்தான் அதன் வேலை. வீடியோ வேண்டுமென்றால் தனியாக ஒரு மென்பொருளை பிரவுசருக்குள் செருக வேண்டும். அதுதான் பிளக்-இன். ரியல் பிளேயர், விண்டோஸ் மீடியா பிளேயர், ஃபிளாஷ், சில்வர்லைட் என்று ஆளுக்கொன்று. இல்லாவிட்டால் படம் வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சதுரமும், நடுவில் ஜிக்சா துண்டு போல ஒரு குறியும், 'பிளக்-இன் இல்லை' என்ற அறிவிப்பும் நிற்கும்.

தி.நகர் பிரவுசிங் சென்டர்களில் இந்தச் சதுரம் தினப்படி சமாச்சாரம். இன்ஸ்டால் செய்ய அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அது கடைக்காரரிடம் இருக்கும். "அண்ணே, பிளேயர் கேக்குது" என்று குரல் கொடுத்தால் அவர் எழுந்து வருவதற்குள் ஒரு ஓவர் முடிந்துவிடும், மணிக்கணக்குக் கட்டணமோ ஓடிக்கொண்டிருக்கும். திருட்டு லிங்க் தேடிப் போனவர்கள் பாடு இன்னும் மோசம். 'உங்கள் ஃபிளாஷ் பழசாகிவிட்டது, இங்கே அப்டேட் செய்யவும்' என்று போலிப் பெட்டி துள்ளும். அதை அழுத்தினால் இறங்குவது வைரஸ். ஃபிளாஷ் அப்டேட் என்ற பெயரில் கம்ப்யூட்டரைக் கெடுப்பது உலகம் முழுக்க ஒரு தொழிலாகவே நடந்தது.

வீட்டு இணைப்பின் லட்சணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விநாடிக்கு 256 கிலோபிட் வந்தால் அதைப் 'பிராட்பேண்ட்' என்று அழைக்கலாம் என்பதுதான் 2013 வரை அரசாங்கத்தின் இலக்கணம். சுமாரான தரத்தில், 500 கிலோபிட் வேகத்தில், மூன்றரை மணி நேர டி20 பார்த்தால் 790 எம்பி போய்விடும். மாதத்துக்கு ஒன்றிரண்டு ஜிபி வரம்பு வைத்த திட்டத்தில் இரண்டு மேட்ச் பார்ப்பதற்குள் மாதம் முடிந்த மாதிரிதான்.

நந்தனத்தில் லினக்ஸ், பெய்ஜிங்கில் சில்வர்லைட்

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸை அமெரிக்காவில் இணையத்தில் காட்டிய என்பிசி, மைக்ரோசாஃப்டுடன் கைகோத்தது. சுமார் 2,200 மணி நேர நேரலை. பார்க்க வேண்டுமானால் சில்வர்லைட்டை இறக்கியே ஆக வேண்டும். மைக்ரோசாஃப்ட் போட்ட கணக்கு எளிது: ஒலிம்பிக்ஸ் பார்க்கும் ஆசையில் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் நம் சரக்கு ஏறிவிடும். ஏறவும் ஏறியது. ஆனால் அதே வருடம் நவம்பரில் அமெரிக்க பேஸ்பால் லீக் சில்வர்லைட்டை விட்டுவிட்டு ஃபிளாஷுக்குத் தாவியது. சுதந்திரம் தேடிப் போன தாவல் அல்ல அது. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு.

அதே காலகட்டத்தில் அண்ணா சாலை நந்தனத்தில், தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் கம்ப்யூட்டர்கள் விண்டோஸிலிருந்து கட்டற்ற மென்பொருளான சூசே லினக்ஸுக்கு மாறின. தரமணி டைடல் பார்க்கில் சி-டாக் சென்னைப் பிரிவு 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை உருவாக்கியது. ஐஐடி வளாகத்தில் சென்னை லினக்ஸ் பயனர் குழு கூடிப் பேசியது. ஆக, தென்சென்னையில் லினக்ஸ் வைத்திருப்பவர் அப்போது அப்படி ஒன்றும் அபூர்வப் பிறவி இல்லை.

லினக்ஸுக்கு மைக்ரோசாஃப்ட் சில்வர்லைட் தரவில்லை. நோவெல் நிறுவனத்தார் 'மூன்லைட்' என்ற மாற்றை எழுதினார்கள். 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்பு சில்வர்லைட்டில் ஒளிபரப்பானபோது, அதை லினக்ஸிலும் பார்க்கும்படி அவசர அவசரமாக மூன்லைட்டைத் தயார்படுத்திக் கொடுத்தார்கள். அதில் ஒரு விஷயத்தை மட்டும் எவ்வளவு திறமை இருந்தாலும் செய்ய முடியவில்லை. டிஆர்எம் என்ற, நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டுப் போட்ட வீடியோவை மூன்லைட்டால் திறக்க முடியாது, சாவி மைக்ரோசாஃப்டிடம். ஒபாமா பேச்சுக்குப் பூட்டு இல்லை. காசு கொடுத்து உரிமை வாங்கிய விளையாட்டுக்கு இருந்தது. 2012 வாக்கில் மூன்லைட் முயற்சியே கைவிடப்பட்டது.

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு ஃபிளாஷ் மீதோ சில்வர்லைட் மீதோ காதல் ஒன்றும் கிடையாது. அவர்களுக்கு வேண்டியது பூட்டு. அந்தக் காலத்தில் பூட்டு பிளக்-இன்னோடு சேர்ந்துதான் விற்கப்பட்டது.

கதவு எண் 1935

அப்புறம் ஏன் விட்டார்கள்? பெரிய காரணம் கொள்கை இல்லை, குழாய்.

ஃபிளாஷ் நேரலை ஆர்டிஎம்பி என்ற முறையில் ஓடியது. பார்க்கும் ஒவ்வொருவருக்கும் சர்வரிலிருந்து அறுபடாத ஓர் இணைப்பு. அது வழக்கமாகப் போகும் கதவின் எண் 1935. வெங்கடநாராயணா சாலையிலும் கதீட்ரல் சாலையிலும் உள்ள அலுவலகங்களின் சிஸ்டம் அட்மின்கள் இணைய தளங்களுக்கான 80, 443 இரண்டை மட்டும் திறந்துவைத்து, மற்ற கதவுகளை மூடிவைப்பது வழக்கம். அதனால் பிளக்-இன் இருந்தும் படம் வராது. பஃபரிங் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இணைப்பு ஒரு நொடி அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆட்கள் கூடக்கூட அதற்கென்றே சிறப்பு சர்வர்களை அடுக்கிக்கொண்டு போக வேண்டும்.

2009-ல் ஆப்பிள் எச்எல்எஸ் என்ற வேறொரு வழியைக் கொண்டுவந்தது. நேரலையைப் பத்துப் பத்து விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் சாதாரண ஃபைல் மாதிரி, சாதாரண வெப்சைட் கதவு வழியாகவே அனுப்புவது. ஒவ்வொரு துண்டும் நாலைந்து தரத்தில் தயாராக இருக்கும். போனில் சிக்னல் நன்றாக இருந்தால் உயர்ந்த தரம், மாம்பலம் ஸ்டேஷன் நெரிசலில் சிக்னல் தடுமாறினால் அடுத்த துண்டு மட்டமான தரம். ஆட்டம் நிற்காது. துண்டு வெறும் ஃபைல் என்பதால் ஊருக்கு ஊர் நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அடையாறில் லட்சம் பேர் ஒரே பந்தைப் பார்த்தாலும் அத்தனை பேரும் மும்பை சர்வரின் கதவைத் தட்ட வேண்டியதில்லை. சென்னையிலேயே இருக்கும் நகலிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

சில்வர்லைட்டுக்கு ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். துண்டு போட்டு, வேகத்துக்குத் தகுந்த தரத்தில் அனுப்பும் வித்தையை 2008-லேயே மைக்ரோசாஃப்டும் கையில் எடுத்திருந்தது. 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்ஸ் அப்படித்தான் இணையத்தில் ஓடியது. பிளக்-இன் தோற்றது, உள்ளே இருந்த யோசனை தப்பித்து, 2012-ல் எம்பெக்-டாஷ் என்ற பொதுத் தரமாக வெளியே வந்தது.

இதில் ஒரு செலவும் உண்டு, அதை நாம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். பத்து விநாடித் துண்டுகள் மூன்று கையில் சேர்ந்த பிறகே பிளேயர் ஓட்டத் தொடங்கும் என்றால், மைதானத்தில் விழுந்த விக்கெட் உங்கள் போனுக்கு வர அரை நிமிடம் ஆகும். மயிலாப்பூர் ஃபிளாட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் கேபிள் டிவி. அங்கே "அவுட்!" என்று கத்துகிறார்கள், இங்கே உங்கள் போனில் பவுலர் இன்னும் ஓடி வரவே தொடங்கவில்லை. துண்டைச் சின்னதாக்கி, தாமதத்தைக் குறைக்கும் முறைகளை 2019-லிருந்து ஆப்பிளும் மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். சிறிது குறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் முந்திக்கொண்டுதான் இருக்கிறார்.

கூகுள் சாத்திய கதவு

எச்டிஎம்எல்5 தரம் 2014 அக்டோபரில் முறையாக முடிவானது. பிரவுசர் தானே வீடியோ காட்டக் கற்றுக்கொண்டது. 2015 ஜனவரியில் யூடியூப் ஃபிளாஷை ஒதுக்கிவிட்டு எச்டிஎம்எல்5-ஐ இயல்பு பிளேயராக்கியது. அந்த ஏப்ரலில் கூகுள் குரோம் பழைய பிளக்-இன்களுக்கான வழியை இயல்பாக அடைத்தது. செப்டம்பரில் அறவே நீக்கியது. சில்வர்லைட்டும் ஜாவாவும் குரோமில் அன்றோடு சரி. இடையில் ஜூலையில், ஃபிளாஷின் அடுக்கடுக்கான பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே கசிந்ததில் ஃபயர்ஃபாக்ஸ் அதைத் தற்காலிகமாகத் தடுத்தே விட்டது. செப்டம்பரில் பிபிசி தன் ஐபிளேயரை எச்டிஎம்எல்5-ல் சோதனைக்கு விட்டது. இந்த வரிசையில் ஒளிபரப்பு நிறுவனம் எங்கே வருகிறது என்று கவனியுங்கள். கடைசியில். அவர்கள் பிளக்-இன்னைக் கைவிட்டார்கள் என்பதைவிட, காலுக்குக் கீழே இருந்த பலகை உருவப்பட்டது என்பதே சரி.

கிரிக்கெட்டையே பேசிக்கொண்டிருந்தால் சென்னைக்கு அழகில்லை. ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலை சோவியத் கலாசார மையத்தின் டால் செஸ் கிளப்பில் ஆடி வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த், 2013 நவம்பரில் அண்ணா சாலை ஹயாத் ரீஜென்ஸியில் மாக்னஸ் கார்ல்சனிடம் உலகப் பட்டத்தை இழந்தார். 6½–3½. செஸ் இணையத்துக்கு மிகவும் தோதான விளையாட்டு. ஒரு முழு ஆட்டத்தின் நகர்த்தல்களும் சில வரி எழுத்தில் அடங்கிவிடும். அதனால் வீடியோவுக்கு வெகு முன்பே செஸ் நேரலை வந்துவிட்டது. பல தளங்கள் பலகையை ஜாவா ஆப்லெட்டாகக் காட்டின. அதுவும் பிளக்-இன்தான். குரோம் கதவைச் சாத்தியதும் பழைய பக்கங்களில் பலகை இருந்த இடம் வெறுமையானது. ஆனால் ஆட்டம் அழியவில்லை. நகர்த்தல்கள் எழுத்தாக, யாருக்கும் சொந்தமில்லாத முறையில் பதிவாகியிருந்ததால், இன்று எந்தத் தளத்திலும் போட்டுப் பார்க்கலாம். ஃபிளாஷில் ஓடிய கிரிக்கெட் நேரலைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சேப்பாக்கம் கைக்கு வந்தது

2015 பிப்ரவரியில், உலகக் கோப்பைக்குச் சில நாள் முன்பு ஹாட்ஸ்டார் ஆப் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ மொபைல் சேவை வந்தது. இதற்குப் பிறகு பிரவுசரைப் பற்றிய சண்டையே பாதி அர்த்தமிழந்துவிட்டது. பிளக்-இன் செருகவே முடியாத போனில்தான் ஊரே ஆட்டம் பார்த்தது.

2018-ல் இரண்டு வருடத் தடை முடிந்து சூப்பர் கிங்ஸ் திரும்பியது. ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் முதல் ஆட்டம். காவிரிப் போராட்டம் அண்ணா சாலையை நிறைத்திருந்தது. மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. மீதி உள்ளூர் ஆட்டங்கள் அனைத்தும் புனேவுக்குப் போயின. அதன் பிறகு சொந்த ஊர் அணியைச் சென்னை அந்த சீசன் முழுக்கத் தொலைவிலிருந்தே பார்த்தது. மே 27 இறுதி ஆட்டத்தில் சென்னை ஜெயித்தபோது ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 1 கோடிக்கும் மேல்.

அடுத்த வருடம் மான்செஸ்டரில் உலகக் கோப்பை அரையிறுதி. இந்தியா, நியூசிலாந்து. தோனி ஆடிக்கொண்டிருந்தபோது எண்ணிக்கை 2.53 கோடியைத் தொட்டது. அவர் ரன் அவுட். இதற்குப் பிறகு நடந்ததை ஹாட்ஸ்டார் பொறியாளர்கள் மேடைகளில் விவரித்திருக்கிறார்கள். கூட்டம் மளமளவென்று சரிந்தது. ஆனால் அவர்களுக்குப் பயம் ஏறியதில் இல்லை, இறங்கியதில்தான். ஆட்டத்தை வெறுத்தவர்கள் ஆப்பை மூடுவதில்லை. பேக் பட்டனை அழுத்துகிறார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முகப்புப் பக்கத்தில் வந்து குதிக்கிறார்கள். வீடியோ துண்டு எல்லோருக்கும் ஒன்றே, நகல் போதும். முகப்புப் பக்கம் ஆளுக்கு ஆள் வேறு. அதற்கு சர்வர் தாங்க வேண்டும். தோனி அவுட் ஆவதற்கு முன்கூட்டியே தயாராவது என்பது ஒரு பொறியியல் பாடமாகிவிட்டது.

ஃபிளாஷின் கடைசி மூச்சையும் நம் ஆள் ஒருவரை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். அடோபி ஆதரவை நிறுத்திய நாள் 2020 டிசம்பர் 31. கொரோனாவால் மயிலாப்பூர் சபாக்கள் கச்சேரியை இணையத்துக்குக் கொண்டுபோன மார்கழி அது. மாமிகளும் மாமாக்களும் டிக்கெட் எடுத்து டேப்லெட்டில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபிளாஷ் சாவதை ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிக்க அதற்கு அங்கே வேலையே இல்லை. 2021 ஜனவரி 11 அன்று சிட்னியில், மேற்கு மாம்பலத்து அஸ்வின் முதுகு வலியோடு 128 பந்து நின்று, தொடை பிடித்துக்கொண்ட விஹாரியுடன் சேர்ந்து டெஸ்டை டிரா செய்தார். மறுநாள், ஜனவரி 12, ஃபிளாஷ் பிளேயர் படம் காட்டுவதை அடோபி தடுத்தது. சில்வர்லைட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருடம் அக்டோபரில் மூடியது.

இப்போது பூட்டு உள்ளே

பிளக்-இன் போன பிறகு பூட்டு என்ன ஆனது? பிரவுசரின் உள்ளேயே குடியேறிவிட்டது. பிரவுசருக்கும் டிஆர்எம்முக்கும் பாலம் போடும் இஎம்இ என்ற முறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சி 2017 செப்டம்பர் 18 அன்று ஏற்றுக்கொண்டது. ஓட்டெடுப்பில் ஆதரவு 108, எதிர்ப்பு 57, நடுநிலை 20. எதிர்த்த அமெரிக்க அமைப்பான இஎஃப்எஃப் அன்றே டபிள்யு3சியிலிருந்து விலகியது. இன்று குரோமில் இருக்கும் பூட்டு வைட்வைன். கூகுள் 2010-ல் விலைக்கு வாங்கியது. சஃபாரியில் ஆப்பிளின் ஃபேர்பிளே. எட்ஜில் மைக்ரோசாஃப்டின் பிளேரெடி. ஆம், சில்வர்லைட்டில் இருந்த அதே பிளேரெடிதான்.

முன்பு சாம்பல் நிறச் சதுரம் வந்தால் 'இவர்கள் சரக்கை இறக்கச் சொல்கிறார்கள்' என்று தெரியும், திட்டவாவது முடியும். இப்போது கேட்பதே இல்லை. உங்கள் கருவி எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று பூட்டுக்காரர் தீர்மானித்து அதற்குத் தக்க தரத்தைத் தருகிறார். அதே சந்தா கட்டி, நல்ல ஃபைபர் இணைப்பும் வைத்திருக்கும் லினக்ஸ் லேப்டாப்காரருக்குப் பல சேவைகளில் குறைந்த தரம்தான். நந்தனத்துக் கனவு மூன்லைட்டில் முட்டிய அதே சுவர்.

பூட்டை முதலில் பார்த்த ஊர் என்ற பெருமையும் நமக்கு உண்டு. 2003 செப்டம்பர் 1 முதல் கட்டணச் சேனல் பார்க்க செட்-டாப் பாக்ஸ் கட்டாயம் என்ற 'காஸ்' முறை நாட்டிலேயே சென்னையில் மட்டும் அமலானது. டெல்லி, மும்பை, கொல்கத்தா தப்பித்துக்கொண்டன. அங்கே 2006 இறுதியில்தான் சில பகுதிகளுக்கு வந்தது. இங்கே ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் லைனில் வேலை செய்யாது. பெரும்பாலான வீடுகள் பெட்டியே வாங்கவில்லை. விளையாட்டுச் சேனல்கள் பெட்டிக்குள் போய்விட, கிரிக்கெட் நாட்களில் ஷோரூம் வாசல்களில் கூட்டம் நின்றது. பிளக்-இன் என்ற வார்த்தையைக் கேள்விப்படாதவர்களும் அதன் குணத்தை அப்போதே அறிந்தார்கள்.

அந்தக் காலகட்டத்தின் சண்டைகளிலிருந்துதான் ஒரு நல்ல சட்டம் பிறந்தது. 2004-ல் இந்திய அணி பாகிஸ்தான் போனபோது டென் ஸ்போர்ட்ஸ் தன் ஒளிபரப்பை தூர்தர்ஷனுடன் பகிர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2007-ல் அதையே நாடாளுமன்றம் சட்டமாக்கியது: தேச முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களைப் பிரசார் பாரதியுடன் பகிர்ந்தே தீர வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் பேசுவது தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பையும் டிடிஎச்சையும். தனியார் கேபிளில் வரும் தூர்தர்ஷனுக்குக்கூட அது பொருந்தாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தரைவழி டிரான்ஸ்மிட்டர்களை பிரசார் பாரதியே ஏறக்குறைய மூடிவிட்டது. மிஞ்சுவது ஃப்ரீ டிஷ். இணையத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. ஐபிஎல்லோ பட்டியலிலேயே இல்லை.

பணமோ இணையத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல்லின் இந்திய டிவி உரிமை 23,575 கோடி ரூபாய்க்குப் போனது. டிஜிட்டல் உரிமை அதைவிடச் சற்றுக் கூடுதலாக, 23,758 கோடிக்கு. 2023-ல் ஜியோசினிமா இலவசமாகக் காட்டியது. மழையில் நனைந்து நள்ளிரவு தாண்டி முடிந்த இறுதி ஆட்டத்தில் ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் அடித்தார். அந்த ஆட்டத்தை உச்சத்தில் 3.2 கோடிப் பேர் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஜியோஹாட்ஸ்டாராக ஒன்றாயின. டிவியும் இணையமும் ஒரே கூரைக்குக் கீழே வந்தன. ஐபிஎல்லுக்குச் சந்தாவும் வந்தது. இந்த ஒப்பந்தம் 2027 சீசனோடு முடிகிறது. அடுத்த ஏலத்துக்கு முன் 2007 சட்டத்தில் இணையத்தையும் சேர்க்கலாம். அதற்கு பிரவுசரில் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும்.